மஞ்சள் துணியும் ஸ்ட்ரெப்டோமைசினும்

போன மாதம் செவிலியர் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகு சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "மேடம், உங்க காலத்துல கொல்லிமலையில பச்சிலை, சாமி, மந்திரம்னுதானே இருந்தாங்க? அதையெல்லாம் ஒழிச்சு எப்படி மேடம் ஊசி போட வெச்சீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் அடங்கும் என்பார்கள். எனக்கு முழங்கால் அடங்கியதே தவிர கோபம் அடங்கவில்லை. "ஒழிச்சோம்னு யாரு கண்ணு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் முள்ளுக்குறிச்சிக்காரி. பெயர் ராஜாமணி. சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்ஷீட்டை மடிப்பு விழாமல் விரிக்கவும் திட்டு வாங்கினால் அழாமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். ஐம்பதுகளின் கடைசியில் கொல்லிமலை மேல் புதிதாகத் திறந்த ஒரு சின்ன மருந்தகத்தில் வேலை கிடைத்தது. இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து வளைவு வளைவாக ஏறிவிடுகிறீர்கள். அப்போது நடைதான். மருந்துப் பெட்டி, ஸ்டவ், மண்ணெண்ணெய் டின், டாக்டரின் மைக்ராஸ்கோப் எல்லாம் தலைச்சுமையாகத்தான் மேலே வந்தன.

டாக்டர் குமாரவேலுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான, உயரமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். நோயாளி வந்து உட்கார்ந்தால் அவர் முதலில் நாடி பிடிக்க மாட்டார், ஸ்டெதாஸ்கோப்பை எடுக்க மாட்டார். "சாப்பிட்டீங்களா? வீட்டுல யாரு இருக்கா? நல்லானதும் முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்பார். அவர்கள் யோசித்து யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். வெளியே வரிசை மிளகுக் கொடி மாதிரி நீண்டுகொண்டே போகும். இது என்ன ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா என்று எனக்குத் தோன்றும். பிறகு மார்பில் காதை வைத்தாற்போல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு நேரம் கேட்பார். அந்த நேரத்தில் கதவு கிரீச்சிட்டால்கூடக் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

அந்த நாளில் காசநோய் என்றால் ஊரே நடுங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரையும் வந்துவிட்டன என்றாலும், தினமும் போட வேண்டும், மாதக்கணக்கில் போட வேண்டும். கண்ணாடி சிரிஞ்சைத் துணியில் சுற்றிக் கொதிக்க வைத்து, முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, குப்பியில் இருக்கும் வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டு நுரை வராமல் உருட்டிக் கரைத்து எடுக்க வேண்டும். சளியைக் கண்ட இடத்தில் துப்பக் கூடாது. கொட்டாங்குச்சியில் சாம்பலைப் போட்டுக் கொடுப்போம். அதில் துப்பி அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும்.

பாவாயி என்ற நோயாளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு முன்னால் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். மிளகு பறிக்கிற ஆள். ஊசி போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. "இன்னும் எதுக்குங்க குத்து?" என்று சிரித்துக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த மிளகுப் பருவத்துக்குள் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டாரா அந்த மனுஷன்?" என்று நான் கத்தினேன். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "மருந்தைப் பத்திச் சொன்னோம். அவரைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாம விட்டுட்டோம்" என்றார்.

பாவாயி திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர்க்காரி; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். முப்பது வயது இருக்காது. இருமலில் ரத்தம் வந்ததும் ஊரை விட்டுத் தள்ளி, சாமைக் காட்டுக் காவல் குடிசையில் அவளைக் குடிவைத்துவிட்டார்கள். கொடுமைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், பயம். புருஷன் சடையன் தினமும் சோறு கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டு, தள்ளி நின்று பேசிவிட்டுப் போவான். அவர்களுக்கு சின்னு என்று மூன்று வயதுப் பெண் குழந்தை. அதை நாத்தனார் வளர்த்தாள். குடிசைப் பக்கம் விடமாட்டாள்.

டாக்டர் அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நல்லானதும் முதலில் என்ன செய்வாய்?

"எங்கூட்டு அடுப்ப நானே ஊதோணுமுங்க. ஊதி, எம்புள்ளைக்கு ஒரு வாய் களி கிண்டிப் போடோணும். என்ற மூச்சுப் பட்ட நெருப்பையும் ஆரும் தொட மாட்டேங்கறாங்க சாமி" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் பெரியண்ணன் பூசாரி. ஊர் அம்மனுக்குப் பூசை செய்வதும் ஊருக்கு மருந்து கொடுப்பதும் அவர்தான். நாங்கள் வந்திருப்பது தெரிந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மருந்து குடுக்குறீங்க ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆடாதோடத் தழையும் மொளகும் தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சி, மலைத்தேன் வுட்டுக் குடுக்குறேனுங்க."

"எனக்குக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தார். டாக்டர் மடக்கென்று குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கசப்பு. ஆனா சளி இளகும். இதை நிறுத்த வேண்டாம்."

பூசாரி சண்டைக்குத் தயாராக வந்தவர். குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அவர் முகம் இளகியிருந்தது. அடுத்து டாக்டர் வைத்தியமென்று பாவாயியின் விலாவில் சூடு போட்ட தீத்தழும்புகளைக் காட்டினார். "இந்தச் சூடு போடுறது மட்டும் வேண்டாம். இதுல எனக்குச் சம்மதமே இல்லை" என்றார். அதே மெதுவான குரல்தான், ஆனால் அதில் விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்லை. பூசாரி முகம் மறுபடி இறுகியது.

அப்புறம் பத்தியத்தைப் பற்றிப் பேச்சு. அடேயப்பா, மாட்டுச் சந்தை தோற்றது! முட்டை ஆகாது, பால் ஆகாது, கோழி ஆகவே ஆகாது, மருந்து முறிந்துவிடும் என்றார் பூசாரி. அவள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள், கஞ்சியைக் குடித்தே உயிரோடு இருக்க முடியுமா? நான் வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் கையைத் தூக்கிவிட்டார். "உங்க மருந்து முறியாம என்னென்ன சாப்பிடலாம், சொல்லுங்க" என்று கேட்டார். பச்சைப்பயறு ஆகும். நிலக்கடலை, வறுக்காமல் வேகவைத்தால் ஆகும். அப்படியே பேசிப் பேசி முட்டைக்கு வந்தார்கள். கடைசியில் பூசாரி தாடையைச் சொறிந்துகொண்டு, "நாட்டுக்கோழி முட்டைய நல்லா வேக வெச்சு, மொளகுத்தூள் போட்டுத் தின்னா குத்தமில்லீங்க" என்றார். பாலுக்கு அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரும் சூட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வழியில் நான் பொருமித் தீர்த்துவிட்டேன். "சாகக் கிடக்கிறவளுக்கு மருந்து கொடுக்க வந்தோமா, சம்பந்தம் பேச வந்தோமா டாக்டர்?"

"தினமும் நீ ஒரு ஊசி நேரம் அவகூட இருப்ப. மீதி நேரம் எல்லாம் அவ யார் பேச்சைக் கேப்பா ராஜாமணி?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் என் கோபம் போகவில்லை.

தினமும் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு குடிசைக்கு நடப்பேன். முட்டையும் பயறும் வேலை செய்தன, ஊசியும் வேலை செய்தது. கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பாவாயி என் உயிரை வாங்கினாள். ஆள் எதிரில் இருக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வெள்ளைத் துணி கொடுத்திருந்தேன். என் தலை தெரிந்தால் கட்டுவாள், நான் மேட்டைத் தாண்டியதும் அவிழ்த்துவிடுவாள். ஒரு நாள் பாதி வழியில் எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போய்க் கையும் களவுமாகப் பிடித்தேன். துணி கூரையில் செருகிக் கிடந்தது. சடையன் எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"இவனுக்கு ஒட்டி, இவன் வழியா ஊட்டுல இருக்கற புள்ளைக்கும் ஒட்டாதா? உம்புள்ளைய நீயே கொல்லப் போறியா?" என்று கத்திவிட்டேன்.

பாவாயி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பொணத்துக்குத்தானுங்க நர்ஸம்மா வெள்ளத்துணியில வாயக் கட்டுவாங்க. நான் இன்னும் சாவலீங்க. ஊட்டுக்காரரு முன்னால வாயக் கட்டிக்கிட்டு நின்னா, அவருக்கு எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவு வீட்டில் தாடை தொங்காமல் துணி கட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். நான் கொடுத்த துணியை அதோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மன் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, நெருங்கியது. நோம்பிக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கோயில் முன்பு கூடி, உரல் போட்டு, மாவிளக்குக்கு அரிசி இடிப்பார்கள். வீட்டுக்கு ஒரு பெண் கட்டாயம் உலக்கை பிடிக்க வேண்டும். அந்த வருஷம் சடையன் வீட்டுக்கு நாத்தனார் இடிப்பாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். பாவாயி காதுக்கு அது வந்தது. மறுநாள் நான் போனபோது, மாத்திரைகள் குடிசைக்கு வெளியே சேற்றில் கிடந்தன. அவள் கையை நீட்ட மறுத்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க."

"ஏன்டி, பைத்தியமா உனக்கு? பாதி ஊசிதான் ஆகியிருக்கு."

"இடிக்கற வரிசையில எனக்கு எடம் இல்லீன்னா ஊட்டுல மட்டும் எடம் இருக்குமுங்களா? நான் பொழைச்சு இந்தக் குடிசையிலயே கெழவியாகோணுமா? அதுக்கு இப்பவே போயிர்றேன்."

கெஞ்சினேன், மிரட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கொதிக்க வைத்த சிரிஞ்சை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வழி நெடுக அந்த மிளகுக்காரரின் முகம்தான் கண்ணில் நின்றது. மருந்து கைக்குள் இருக்கிறது, ஆள் கைநழுவிப் போகிறாள்! எனக்கு அழுகையாக வந்தது.

டாக்டர் கேட்டுவிட்டு, "சரி, இடிக்கட்டும்" என்றார்.

"என்ன டாக்டர் விளையாடுறீங்களா? அத்தனை பொம்பளைங்க, குழந்தைங்க. துணி கட்ட மாட்டேங்கறா. நான் விடமாட்டேன்" என்று அவர் மேஜையைத் தட்டிப் பேசினேன். நர்ஸ் டாக்டரிடம் அப்படிப் பேசுகிற காலம் இல்லை அது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றதும் சரி. வா, பூசாரியைப் பார்ப்போம்" என்று செருப்பை மாட்டினார்.

நாங்கள் போனபோது பூசாரி பூசையில் இருந்தார். சின்னக் கோயில், எட்டி நின்றால் உள்ளே தெரியும். அம்மனுக்கு மிக அருகில் குனிந்து பூ வைத்துக்கொண்டிருந்தார். வாயையும் மூக்கையும் சேர்த்து மஞ்சள் நனைத்த துணியால் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையால் இருங்கள் என்று காட்டினார். வெளியே வந்து முடிச்சை அவிழ்த்த பிறகுதான் பேசினார்.

டாக்டர் கேட்டார்: "துணி எதுக்குங்க ஐயா?"

"நம்ம எச்சலும் மூச்சும் சாமி மேல படலாமுங்களா? அதுக்குத்தான்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "ஐயோ, அதையேதானே நான் அந்தப் புள்ளகிட்ட மாசக்கணக்கா கத்திக்கிட்டிருக்கேன்!" என்று கோயில் என்றும் பார்க்காமல் கூவிவிட்டேன்.

பூசாரி என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வழக்கம்போலக் காத்திருந்தார். நான் பாவாயி சொன்னதை எல்லாம் கொட்டிவிட்டேன், வெள்ளைத் துணி, பிணம், சேற்றில் கிடந்த மாத்திரை எல்லாம். பூசாரி அவிழ்த்த மஞ்சள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா காலத்துல இடிக்கற பொம்பளைங்களும் வாயக் கட்டிக்கிட்டுத்தானுங்க இடிப்பாங்க" என்றார் கடைசியில். "சாமிக்குப் போற மாவுங்களே. நடுவுல வுட்டுப் போச்சு. இந்த வருஷம் எல்லாரும் கட்டோணும்னு நான் சொல்லிப்போடறேன். கட்டாதவ உலக்கையத் தொடக் கூடாது."

"பாவாயி?" என்றார் டாக்டர்.

"அவளுக்கு இன்னைக்கே கட்டி வுடறேன். நோம்பிக்கு வெரதம்னு வெச்சுக்கட்டும். ஆனா வெரதம்னா வெரதமுங்க. ஊசியோ மாத்தரையோ ஒரு நாள் தப்புனாலும் வரிசையில எடமில்ல."

"எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு" என்றார் டாக்டர். "துணி கட்டினாலும், சளியில கிருமி தெரிஞ்சா நான் அனுப்ப மாட்டேன். அப்ப நீங்க என் பக்கம் பேசணும்."

பூசாரி சரி என்று தலையசைத்தார்.

அன்று சாயங்காலமே பூசாரி தன் புது வேட்டியில் ஒரு முழம் கிழித்து, மஞ்சளில் முக்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு குடிசைக்கு வந்தார். நானும் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். "இந்தா கண்ணு, இது சாமி துணி. இதக் கட்டி வெரதம் இருந்தா இடிக்கற வரிசையில உனக்கும் எடம் உண்டு" என்றார். பாவாயி குனிந்து நின்று தலையைக் காட்டினாள். அவரே முடிச்சுப் போட்டார். போட்டு முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள். அதன் பிறகு ஒரு நாள்கூட ஊசிக்கு மறுக்கவில்லை, துணியை இறக்கவும் இல்லை.

நோம்பிக்குச் சில நாள் முன்னால் காலைச் சளியை வாங்கி வந்தேன். டாக்டர் அதை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, சூடு காட்டி, சிவப்புச் சாயம், அமிலம், நீலச் சாயம் என்று முறைப்படி செய்து வைத்தார். மலைமேல் கரண்ட் ஏது? மைக்ராஸ்கோப்புக்கு வெயில்தான் விளக்கு. அன்று பார்த்து மலையை மூடிக்கொண்டு மூட்டம். மறுநாளும் அதே. ஜன்னலோரத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு டாக்டர் வானத்தைப் பார்க்கிறார், நான் டாக்டரைப் பார்க்கிறேன். சடையன் வாசலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்க்கிறான். எனக்கு எந்தச் சாமியை வேண்டுவதென்று தெரியவில்லை, கேட்டால் வெயில் தரும் சாமி எதுவானாலும் சரி என்று வேண்டிக்கொண்டேன்.

இடிப்புக்கு முதல் நாள் உச்சி வேளையில் மூட்டம் விலகியது. டாக்டர் கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முடிந்தது என்று நினைத்தேன், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைங்க டாக்டர்!" என்றேன்.

"நீயே வந்து பாரும்மா" என்று நகர்ந்தார்.

குனிந்து பார்த்தேன். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். முன்பு அவளுடைய சளியில் கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறேன். இப்போது நீலம் மட்டும்தான். எங்கே நகர்த்தினாலும் நீலம். "இல்லீங்க, ஒண்ணுகூட இல்லீங்க" என்று நான் சொன்னதும் வாசலில் இருந்த சடையன் எழுந்து ஓடினான். சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

"பத்து இடிக்கு மேல இடிக்கக் கூடாது, மூச்சு வாங்கும். துணி கழறக் கூடாது. ஊசி முடியுற வரைக்கும் ஊருக்குள்ள வந்தாலும் தனியாத்தான் படுக்கணும்" என்று டாக்டர் அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோயில் முன்பு போய் நின்றேன். வரிசையாக உரல்கள், வரிசையாகப் பெண்கள். அத்தனை பேர் வாயிலும் மஞ்சள் துணி. கண்கள் மட்டும்தான் தெரிகின்றன. பேச்சு கிடையாது, உலக்கைச் சத்தம்தான். தினமும் அவளுக்கு ஊசி போடுகிறவள் நான், எனக்கு அந்த வரிசையில் நோயாளி யார் என்று தெரியவில்லை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினேன். சின்னுவும் தேடினாள். அத்தை கையை உதறிவிட்டு, ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போன குழந்தை, ஒரு உரலுக்குப் பக்கத்தில் நின்று சேலையைப் பிடித்துக்கொண்டது. நாத்தனார் ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டியவள், பூசாரியைப் பார்த்தாள். அவர் விடு என்பதுபோலத் தலையை அசைத்தார். அவள் கையை மடக்கிக்கொண்டு, பாவாயியிடம் இருந்து உலக்கையை வாங்கி மீதியை இடித்துக் கொடுத்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

இடித்து முடிந்ததும் பெண்கள் துணியை அவிழ்த்துக் கோயிலில் போட்டார்கள். பாவாயி மட்டும் அவிழ்க்கவில்லை. பூசாரியைப் பார்த்தாள். "டாக்டரக் கேளு கண்ணு" என்றார் அவர். டாக்டரைப் பார்த்தாள். "பூசாரி ஐயா கட்டினது. அவர்தான் சொல்லணும்" என்றார் இவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு. "ஊசி முடியட்டும், அதுவரைக்கும் கட்டிக்கிட்டே கெட" என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன்.

அதற்குள் சடையன் வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு அறை இறக்கி, அவளை அங்கே கொண்டுவந்துவிட்டான். மீதி ஊசிகளை அங்கேதான் போட்டேன். கடைசி ஊசி அன்று பூசாரியையும் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்கு முன்பே சளியைத் திரும்பவும் பார்த்துவிட்டோம், நீலம்தான். மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுவிட்டு, "போதும்" என்றார். ஊசியை நான் போட்டேன். முடிச்சைப் பூசாரி அவிழ்த்தார்.

பாவாயி முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து வீட்டுக்குள் போனாள். நாத்தனார் அடுப்பு முன்பிருந்து எழுந்து வழிவிட்டாள். சாம்பலுக்குள் கொஞ்சம் கங்கு இருந்தது. பாவாயி உட்கார்ந்து, இரண்டு சுள்ளியை வைத்து, குனிந்து ஊதினாள். முதல் ஊதலுக்குப் புகைதான் வந்தது. பக்கத்தில் குந்திய சின்னுவும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். டாக்டர் வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், இருமல் வருகிறதா என்று. வரவில்லை. தீ பிடித்துக்கொண்டது.

"உக்காருங்க எல்லாரும்" என்றாள் பாவாயி உள்ளேயிருந்து. "களி கிண்டறேன், தின்னுட்டுத்தான் போகோணும்."